கருவிப்பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வருடத்தில் ஒரு நாள் ஃபோர்க்லிஃப்டுகளுக்கு, அதாவது சரக்கைத் தூக்கி இறக்கும் வண்டிகளுக்கு, பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கும் நாள். ஆய்வாளர் பத்தரை மணிக்கு வருவார். நான்கு வண்டிகள். ஒவ்வொன்றையும் ஸ்டார்ட் பண்ணச் சொல்வார், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கைகளான ஃபோர்க்கை ஒரு முறை ஏற்றி இறக்கச் சொல்வார், ஹாரன் அடிக்கச் சொல்வார். பதினொன்றரைக்கு டீ, பிஸ்கட், கையெழுத்து. அவர் குனிந்து நான் பார்த்ததில்லை. கையில் இருந்த ஒரே கருவி பேனா. அவரை அழைத்து வந்தது வேறு யாருமில்லை, நான்தான். மூன்று கொட்டேஷனில் குறைந்த தொகை அவருடையது. அதற்காக அலுவலகத்தில் எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

அப்படி ஒரு சான்றிதழ் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பச்சைத் தோல் குடோனில் உப்புத் தோல் அடுக்கிய பலகைத் தட்டை, பேலட்டை, தூக்கும்போது ஃபோர்க்கை ஏற்றும் செயின் ஒரு பக்கம் அறுந்தது. ஆள் உயரத்துக்கு மேலே போயிருந்த பேலட் சரிந்து கீழே வந்தது. வழக்கமாக அந்த இடத்தில் நிற்கும் மேஸ்திரி அப்போதுதான் டீ குடிக்கப் போயிருந்தார். ஆய்வாளருக்கு நான் வாங்கிக் கொடுத்த டீ யாருக்கும் உதவவில்லை. மேஸ்திரி தானாகப் போய்க் குடித்த டீ உதவியது.

நம் பக்கத்துத் தொழிலில் செயினுக்கு என்ன நேர்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, எங்கே போனாலும் தோல் வரும்போது உப்போடுதான் வருகிறது. கீழே ஈரம். ஃபோர்க்லிஃப்டின் செயின் சைக்கிள் செயின் மாதிரி இருக்காது. தட்டுத் தட்டாக அடுக்கி, நடுவில் பின் கோத்திருப்பார்கள். அந்தத் தட்டுக்கும் பின்னுக்கும் இடையில் உப்புத் தண்ணீர் இறங்கிவிடும். வெளியே கிரீஸ் பளபளக்கும். உள்ளே பின் தேய்ந்துகொண்டே இருக்கும். பின் தேயத் தேயச் செயின் நீளும். புதிதில் 1000 மில்லிமீட்டர் இருந்த துண்டு 1030 ஆகிவிட்டால், அதாவது 3 சதவீதம் நீண்டுவிட்டால், அதைக் கழற்றிப் போட வேண்டியதுதான். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். எங்கே அளப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. தினமும் தூக்கும் உயரத்தில் உருளை மேல் வளைந்து வளைந்து போகும் பகுதிதான் தேயும். உருளையைத் தொடாத நுனியை அளந்தால் புதுச் செயின் என்றுதான் காட்டும்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கு எந்திரங்களையும் செயின், கயிறுகளையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. ஃபோர்க்லிஃப்டையும் நாம் அந்தக் கணக்கில்தான் வைத்து வந்திருக்கிறோம். யார் அந்தத் தகுதி பெற்றவர்? போபாலில் 1984இல் நடந்ததற்குப் பிறகு, 1987 திருத்தத்தில்தான் அதற்கு விளக்கம் எழுதினார்கள். அரசின் தொழிற்சாலைகள் தலைமை ஆய்வாளர் அவரை அங்கீகரித்திருக்க வேண்டும். அங்கீகரிக்கும்போது அவருடைய படிப்பு, அனுபவம், அதோடு அவர் கையில் இருக்கும் வசதிகள், இவற்றைப் பார்க்க வேண்டும் என்பது அந்த விளக்கம். வசதி என்றால் வேறென்ன, கருவிதான். பழைய சட்டத்தின் இடத்துக்கு 2020இல் இயற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டாலும், கருவி இல்லாமல் சோதிக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லப் போவதில்லை.

ஆகவே ஒருவரைக் கூப்பிடும்போது முதலில் அங்கீகாரக் கடிதத்தைக் கேளுங்கள். எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதி வரைக்கும் என்று படியுங்கள். பாய்லருக்கு அங்கீகாரம் வைத்திருப்பவர் ஃபோர்க்லிஃப்டுக்குக் கையெழுத்துப் போடுவது கண் டாக்டர் பல் பிடுங்குகிற மாதிரி. அடுத்து, கருவிப்பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், சொல்லுங்கள்.

செயின் அறுந்ததற்குப் பிறகு நான் கூப்பிட்ட ஆள் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். வந்ததும் சான்றிதழைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பக்கெட் தண்ணீரும் பிரஷும் கேட்டார். செயினைக் கழுவாமல் அளக்க மாட்டேன் என்றார். அப்புறம் ஓட்டுகிற பையனைத் தனியாக அழைத்து, "தம்பி, தூக்கி நிறுத்தினா அப்படியே நிக்குதா, மெதுவா இறங்குதா?" என்று கேட்டார். பையன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இறங்குது சார், ரொம்ப நாளாவே" என்றான். எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

அடுத்து ஃபோர்க். எல் எழுத்து மாதிரி மடங்குகிற இடம் இருக்கிறதே, பாரம் முழுக்க அங்கேதான் உட்காரும். தரையில் உரசி உரசி அந்த இடம் தேயும். காலிப்பரை வைத்து அளந்தார். 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 35. பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே மாற்றிவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள கணக்கு. அந்தப் பத்து சதவீதத் தேய்மானத்தில் ஃபோர்க்கின் பலம் ஏறக்குறைய 20 சதவீதம் போய்விடும். பிறகு சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்தார். கொஞ்ச நேரத்தில் மடிப்பில் முடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. விரிசல். பக்கத்து லேத்தில் கொடுத்து வெல்டிங் வைத்துவிடலாமா என்றேன். சூடாக்கிப் பதப்படுத்திய எஃகு அது. கண்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் பதம் போய்விடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இன்னொரு வண்டியில் பாரத் தகட்டைத் தேடினார். பெயின்ட் அடித்தபோது அதன் மேலேயே அடித்துவிட்டிருந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஒரு தராசு மாதிரி: முன்சக்கரம் நடு முள், பின்னால் எதிர்ப்பாரம், முன்னால் சரக்கு. 3 டன் என்றால் ஃபோர்க்கின் முதுகிலிருந்து 500 மில்லிமீட்டரில் பாரத்தின் மையம் இருந்தால்தான் 3 டன். நீளமான சரக்கை வைத்து மையம் 700க்குத் தள்ளிப்போனால் இரண்டரை டன்னையே தாண்டக் கூடாது. அதைச் சொல்வதற்குத்தான் தகடு. படிக்க முடியாத தகடு உள்ள வண்டிக்குக் கையெழுத்து இல்லை என்றார்.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த கம்பெனியே ஆய்வுக்கும் ஆள் அனுப்புவதாகச் சொல்லும், தொகையும் குறைவாக இருக்கும். வேலிக்கு ஓணான் சாட்சி. தான் மாற்றாமல் விட்ட செயினைத் தானே குறை சொல்வாரா? பழுது பார்க்கிறவர் வேறு, சோதிக்கிறவர் வேறாக இருக்கட்டும். தினமும் காலையில் ஓட்டுநர் டயர், பிரேக், ஆயில் கசிவு பார்ப்பது தனி. அதை ஆய்வாளர் தலையில் கட்ட வேண்டாம்.

அன்று நான்கில் இரண்டு வண்டிகளுக்குத்தான் சான்றிதழ். முதலாளி என்னிடம், "காசு கொடுத்து வண்டியை நிறுத்தச் சொல்றியா?" என்றார். பழைய ஆய்வாளரைப் போல மூன்று மடங்கு கட்டணம் வேறு. எனக்குப் பதில் வரவில்லை. அறுந்த செயினை எடுத்து வந்து மேசை மேல் வைத்தேன். பார்த்தார். பில்லில் கையெழுத்துப் போட்டார்.

கிளம்புகிற நேரத்தில் அந்த ஆள் திரும்பி வந்தார். விரிசல் விட்ட ஃபோர்க்கை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோம் என்றேன். அங்கிருந்து யாராவது வாங்கி இன்னொரு வண்டியில் மாட்டிவிடுவார்கள் என்றார். கேஸ் கட்டரைக் கொண்டுவரச் சொல்லி, அது இரண்டு துண்டாக விழும் வரைக்கும் வெயிலில் நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறப் போனார்.