வளையம் இல்லாத புழுக்கள்

(சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு நூலக அரங்கில் மாலையில் பேசியது. பேசியபடியே எழுதி, சில இடங்களை மட்டும் சரிசெய்திருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம். வேலை முடித்து, பஸ் பிடித்து, புழுக்களைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். மனசு நிறைந்திருக்கிறது.

இந்த மேசைமேல் நான்கு ஜாடிகள் இருக்கின்றன. நான்கிலும் ஃபார்மலினில் ஊறி வெளுத்துப்போன, விரல் நீளத்துக்கு ஏதோ ஒன்று. நான் முதுகலை படித்த காலத்தில் இவை ஒரே அலமாரியில், ஒரே தட்டில் இருந்தன. தட்டின் விளிம்பில் ஓர் அட்டை: ‘கண்டமில்லாத கடற்புழுக்கள்’. கண்டம் என்றால் வேறொன்றுமில்லை, மண்புழு உடம்பில் வளையம் வளையமாகத் தெரிகிறதே, அதுதான். அந்த வளையங்கள் இவற்றில் இல்லை. அதனால் ஒரே தட்டு.

இன்று அப்படி வைத்தால் தப்பு. முதல் ஜாடியில் இருப்பது மண்புழுவின் ரத்த உறவு. இரண்டாவது, மண்புழுவுக்கும் நத்தைக்கும் பக்கத்து வீடு. மூன்றாவது, கரப்பான்பூச்சி, நண்டு இவற்றின் பக்கம் போகிறது. நான்காவது உங்களுக்கும் எனக்கும் தூரத்துச் சொந்தம்.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது? இந்த அரங்கில் கண்ணாடி போடாதவர்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்கள் என்று நான் சொன்னால் பாதிப் பேர் நிற்பீர்கள். அதற்காக நீங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஆகிவிட மாட்டீர்கள். ஒன்று இல்லை என்பதை வைத்து உறவு சொல்ல முடியாது. ஆனால் விலங்கியலில் நூறு வருடத்துக்கும் மேலாக அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

1847இல் குவாத்ரஃபாஜ் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் இவற்றில் சிலவற்றைச் சேர்த்து ‘ஜெஃபைரியா’ என்று ஒரு குழு அமைத்தார். பாலம் என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஒரு கரையில் புழுக்கள், மறு கரையில் கடல் அட்டை, நடுவில் இவை பாலம் என்பது அவர் எண்ணம். அழகான கற்பனை, ஆனால் அப்படி ஒரு பாலமே இல்லை. 1898இல் செட்ஜ்விக் என்ற விலங்கியலாளர் வேர்க்கடலைப் புழுக்களைத் தனித் தொகுதியாகப் பிரித்தார். கரண்டிப் புழுக்கள் 1940இல் தனித் தொகுதியாயின.

சரி, முதல் ஜாடியில் இருக்கும் அந்த வேர்க்கடலைப் புழுவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

சென்னையில் விலங்கியல் படித்தவர்களுக்கு மண்டபம் டூர் தெரியாமல் இருக்காது. ராத்திரி ரயில், காலையில் உப்புக்காற்று, கையில் வாளியும் இடுக்கியும். அப்படிப் போனபோது கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு செத்த பவளக்கல்லை எங்கள் ஆசிரியை சுத்தியால் மெதுவாகத் தட்டினார். கல் பிளந்தது. உள்ளே துளைகள், ஒரு துளையில் பழுப்பாக ஒன்று சுருண்டு கிடந்தது. தோலுரிக்காத வேர்க்கடலைப் பருப்பு மாதிரியே இருந்தது. கடல்தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, கையை எடுங்கள், பேசாமல் பாருங்கள் என்றார். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அதன் ஒரு முனையிலிருந்து மெல்லிய கழுத்து ஒன்று வெளியே வரத் தொடங்கியது. வந்தது, வந்தது, உடம்பளவு நீளத்துக்கு வந்தது. நுனியில் வாயோரம் பொடிப்பொடியாக உணர்கொம்புகள் விரிந்தன. ஒரு விரலால் கிண்ணத்தைத் தட்டியதும் மொத்தமும் ஒரே இழுப்பில் உள்ளே போய்விட்டது.

துவைத்த சட்டையின் கை சில நேரம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும் அல்லவா? அதை ஊதி வெளியே தள்ளினால் எப்படி வருமோ, அப்படித்தான் அந்தக் கழுத்து வருகிறது. ஊதுவது காற்றில்லை, உடற்குழி நீர். உடம்புச் சுவரின் தசைகள் இறுகினால் நீர் முன்னால் பாய்ந்து கழுத்தைத் தள்ளும். உள்ளே இழுக்கத் தனித் தசைகள் இருக்கின்றன, பெரும்பாலும் நான்கு பட்டைகள். இப்போது யோசித்துப் பாருங்கள்: மண்புழுவைப் போல உடம்புக்குள் வளையத்துக்கு ஒரு தடுப்புச்சுவர் இருந்தால் இந்த நீர் ஓடுமா? ஓடாது. துளைக்குள் உட்கார்ந்த இடத்திலேயே வாழ்க்கை நடத்துகிற ஒன்றுக்குத் தடுப்பில்லாத ஒரே பெரிய அறைதான் வசதி. வளையம் இல்லாததை நாம் குறை என்று எழுதி வைத்திருந்தோம். அதன் பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

அறுத்துப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். குடல் பின்பக்கம் வரை போய், திரும்பி, போன குடலும் வந்த குடலும் முறுக்கிய கயிறு மாதிரி பின்னிக்கொண்டு முன்னால் வருகிறது. மலத்துவாரம் கழுத்தின் அடியில், முதுகுப்புறம். ஒரே ஒரு வாசல் உள்ள துளைக்குள் குடியிருப்பவர்களுக்கு வேறு எங்கே வைப்பது? உயிரோடு இருக்கும் புழுவின் உடற்குழி நீர் இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் செய்யும் வேலையை அங்கே ஹீமெரித்ரின் செய்கிறது. அதிலும் இரும்பு உண்டு, ஆனால் நம்முடையதில் இருக்கும் ஹீம் வளையம் கிடையாது. இரண்டு இரும்பணுக்கள் சேர்ந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கும். ஆக்சிஜன் போய்விட்டால் நிறமும் போய்விடும். ‘சிபுன்குலஸ் நூடஸ்’ என்ற இனத்தின் உடற்குழி நீரில் ஜாடி வடிவத்தில் சின்னஞ்சிறு அமைப்புகள் மிதந்து திரிகின்றன. அவை பசை ஒட்டிய வாலை இழுத்துக்கொண்டு போய்ச் செத்த செல்களையும் குப்பையையும் சேகரிக்கும். உள்ளேயே ஒரு துப்புரவுப் படை. தென்சீனாவிலும் வியட்நாமிலும் இந்தப் புழுவைச் சாப்பிடுகிறார்கள். ஷியாமென் நகரத்தில் இவ்வகைப் புழுவைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டுக் கட்டியாக்கித் தெருக்கடையில் விற்பார்கள்.

இந்தப் புழுவில் வளையம் இல்லை, மண்புழுவுக்கு உள்ள முள்மயிரும் இல்லை. அப்படியானால் மண்புழுவின் உறவு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? முதலில் மரபணு சொன்னது. 2002இல் ஓர் இனத்தின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் ஏறக்குறைய பாதியைப் படித்தபோது அது வளைதசைப் புழுக்களோடு, அதாவது மண்புழு அடங்கிய கூட்டத்தோடு, சேர்ந்து நின்றது. ஆனால் எனக்கு மனசில் பதிந்தது 2008இல் வந்த வேலை. இதன் லார்வாவில் நரம்பு எப்படி உருவாகிறது என்று நாளுக்கு நாள் படம் எடுத்தார்கள். முதலில் வயிற்றுப்புறம் இரண்டு நரம்பு வடங்கள். அவற்றின்மேல் நரம்பு செல்கள் ஜோடி ஜோடியாக, முன்னிருந்து பின்னாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. வளையமுள்ள புழுவில் நடப்பது அப்படியே. பிறகு வடங்கள் ஒன்றாகி, அந்த ஒழுங்கு அழிந்துபோகிறது. வளர்ந்த புழுவை மட்டும் பார்த்தவருக்கு எதுவும் தெரியாது. பிள்ளைப் பருவத்தில் பார்த்தவருக்குப் பாட்டன் பெயர் வரைக்கும் தெரிந்துவிடும்.

கரண்டிப் புழுவுக்கும் இதே கதைதான். இது வாய்க்கு மேலே நீளமான, உடம்புக்குள் இழுத்துக்கொள்ள முடியாத நாக்கு போன்ற ஒன்றைச் சேற்றில் நீட்டி இரையை வழித்துக்கொள்ளும். இதற்காவது வயிற்றுப்புறம் ஒரு ஜோடி முள்மயிர் மிஞ்சியிருக்கிறது. மத்தியதரைக் கடலின் ‘பொனெல்லியா’வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண்ணின் உடம்பு ஒரு சாண் கூட இருக்காது, பச்சை நிறம். அதன் நாக்கு மட்டும் ஒரு மீட்டர் வரை நீளும். ஆண் எங்கே? பெண்ணுக்குள்ளே. சில மில்லிமீட்டர் அளவில், அவள் உடம்பிலேயே குடியிருந்து, கருவூட்டுவதைத் தவிர வேறு வேலையில்லாமல். லார்வாவாக மிதக்கும்போது பெரும்பாலானவை ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. வெறும் கடல்தரையில் இறங்கினால் பெண்ணாகும். வளர்ந்த பெண்ணின் நாக்கின்மேல் இறங்கினால் பெரும்பாலும் ஆணாகும். பால்ட்சர் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேப்பிள்ஸில் இதைச் சோதித்துக் காட்டினார். பிறக்கும்போதே எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று நினைப்பவர்கள் இந்தப் புழுவை ஒருமுறை படிக்க வேண்டும்.

1997இல் மரபணு ஆய்வு கரண்டிப் புழுக்களையும் வளைதசைப் புழுக்களுக்குள்ளே கொண்டுபோய் வைத்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் இவற்றுக்கு மிக நெருங்கிய சொந்தமாக நின்றவை ‘கேப்பிடெல்லிட்’ புழுக்கள். சாக்கடை கலந்து கறுத்து நாறும் கழிமுகச் சேற்றில் மற்றவை எல்லாம் செத்தபிறகும் பெருகும் புழுக்கள் அவை. ஓரிடத்துச் சேறு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க உலகம் முழுக்க அவற்றைத்தான் எண்ணுகிறார்கள். கூவம் கடலில் சேரும் இடத்தைத் தாண்டி வந்தவர்கள் நீங்கள், இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

மற்ற ஜாடிகளுக்கு வருகிறேன்.

இரண்டாவது, ரிப்பன் புழு. நாடாப்புழு என்று சொல்லக்கூடாது, அது குடலில் வரும் ஒட்டுண்ணி, முற்றிலும் வேறு. ரிப்பன் புழுவுக்குக் குடலுக்கு மேலே தனி உறைக்குள் ஒரு துதிக்கை மடங்கியிருக்கும். இரையைக் கண்டதும் பீய்ச்சியடித்துச் சுற்றிவளைக்கும். 1864இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கரையில் ஒதுங்கிய ஒன்று 55 மீட்டர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த உடம்பு நன்றாக இழுபடும் என்பதால் அந்த எண்ணை நான் அப்படியே ஏற்க மாட்டேன். ஆனாலும் அந்த இனத்தில் பத்து மீட்டர் ஒன்றும் அதிசயமில்லை.

மூன்றாவது, பிரியாபுலிட். குளிர்கடலிலிருந்து வந்தது. இது கரப்பான்பூச்சியைப் போலத் தோலுரிக்கும். இப்படித் தோலுரிக்கும் விலங்குகள் எல்லாம் ஒரு பெருங்குடும்பம் என்று 1997இல் தெரிந்தபோது இது பூச்சிகளின் பக்கம் போய்ச் சேர்ந்தது. 50 கோடி வருடத்துக்கு முந்தைய பாறைகளிலும் இதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஜாடியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர்க்காரர். மெரினாவுக்கு எதிரே படகில் போய் மிதவை வலை இழுத்தால் கண்ணாடிக் குச்சி போல வரும் அம்புப் புழு. சி. சி. ஜான் என்ற விலங்கியலாளர் 1933இலேயே சென்னைக் கரையின் அம்புப் புழுக்களைப் பற்றி எழும்பூர் மியூசியத்தின் வெளியீட்டில் எழுதினார். இது யாருக்குச் சொந்தம் என்பது டார்வினையே குழப்பியது, 1844இல் அப்படியே எழுதினார். 2019 வாக்கில்தான் சக்கரப்புழுக்கள் என்னும் நுண்ணிய நீர்விலங்குகளின் அருகே இதற்கு ஓரளவு உறுதியான இடம் கிடைத்திருக்கிறது.

நான்காவது ஜாடி, பலானோகிளாசஸ். மண்டபத்துக்குப் பக்கத்தில் குருசடைத் தீவு. வற்றும் நேரத்தில் மணலில் இடியாப்பம் பிழிந்த மாதிரி சுருள் சுருளாக மண் குவியல் கிடக்கும். படகுக்கார அண்ணன் காட்டினார், “மண்ணைத் தின்னுட்டுப் பின்னால தள்ளுதும்மா.” அடியில் தோண்டினால் மஞ்சளாக, வழுவழுப்பாக ஒன்று, தொட்டால் அறுந்துபோகும். கையை முகர்ந்து பார்த்தால் பழைய ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் அயோடோஃபார்ம் வாசனை. இரண்டு நாள் சோப்பு போட்டும் அந்த வாசனை என் விரலை விடவில்லை. இதன் உடம்பின் முன்பகுதியில் இரண்டு பக்கமும் வரிசையாகச் செவுள் பிளவுகள். நம் கருவிலும் கழுத்துப் பக்கத்தில் அதன் சாயல் வந்து, பிறகு தாடையும் காதும் தொண்டையுமாக மாறுகிறது. பேட்சன் என்ற விலங்கியலாளர் 1880களில் இதை அரைநாணி, அதாவது பாதி முதுகுநாணுள்ளது, என்று முதுகெலும்பிகளோடு சேர்த்தார். இன்று இதன் மிக நெருங்கிய உறவு நட்சத்திர மீன் என்கிறோம், நாம் அடுத்த வீடு.

அப்படியானால் மரபணு சொன்னால் முடிந்ததா? முடியவில்லை. ‘ஸீனோடர்பெல்லா’ என்று ஒரு புழு, 1915இல் ஸ்வீடன் கடலில் கிடைத்தது, 1949இல் பெயர் வைத்தார்கள். 1997இல் மரபணுவைப் பார்த்து, இது சிப்பி வகை என்று அறிவித்தார்கள். 2003இல் உண்மை வெளிப்பட்டது: அது சிப்பியைத் தின்றிருந்தது. படித்தது அதன் வயிற்றில் இருந்த சாப்பாட்டின் மரபணுவை! புழுவின் இடம் எது என்று இன்னும் வாதம் நடக்கிறது.

பேச்சு முடிந்ததும் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார்: “மேடம், வளையம் இல்லாட்டியும் வளைதசைப் புழுன்னு எப்படிச் சொல்றது? பேரே தப்பாயிடுதே?”

நல்ல கேள்விம்மா. பாம்புக்குக் கால் இல்லை, ஆனால் நான்கு கால் விலங்குகளின் வரிசையில்தான் வைக்கிறோம், ஏனென்றால் அதன் முன்னோருக்குக் கால் இருந்தது. பெயர் வெறும் அடையாளம், உறவு பிறப்பால் வருவது.

இன்னொரு பெரியவர், எண்ணூரில் மீன்பிடிக் குடும்பம், கேட்டார்: எங்கள் கழிமுகச் சேற்றில் இதெல்லாம் இருக்கிறதா? ஐயா, 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து உங்கள் சேற்றில் படிந்ததே, அப்போது நண்டையும் மீனையும் எல்லாரும் பேசினோம். அவை தின்று வாழ்வது சேற்றுக்குள் இருக்கும் இவற்றை. நான் படித்த கழிமுக அறிக்கைகள் பலவற்றில் பட்டியலின் கடைசி வரி ‘இதர புழுக்கள்’ என்று இருக்கும், பக்கத்தில் ஓர் எண். இன்று மேசையில் பார்த்த நான்கு குடும்பமும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். எது செத்தது, எது பிழைத்தது, எது திரும்பி வந்தது என்று அந்த வரியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அந்த வரியைப் பிரித்து எழுத ஆள் வேண்டும். இங்கே இருக்கும் பிள்ளைகளில் இரண்டு பேர் வந்தால்கூடப் போதும், சல்லடையும் லென்ஸும் நான் தருகிறேன், சேறு ஐயா ஊரில் இருக்கிறது.

இப்போது முன்னால் வந்து ஜாடிகளைப் பாருங்கள். லென்ஸ் இடது பக்கம் இருக்கிறது. முதல் ஜாடியில் முதுகுப்புறம் ஒரு சின்ன மேடு தெரியும், மலத்துவாரம் அதுதான், வாய் என்று நினைத்துவிடாதீர்கள். மூடியை மட்டும் திறக்காதீர்கள், ஃபார்மலின் கண்ணை எரிக்கும்.