தைலம் தேய்த்தும் போகாத தலைவலி

[காட்சி: குன்னூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டம், விடிகாலைப் பனி]

நம்ம மலையில் தலைவலி என்றால் கை முதலில் போவது தைலப் பாட்டிலுக்குத்தான். பனி ஒத்துக்கொள்ளவில்லை, தலையில் நீர் கோத்துவிட்டது என்று காரணமும் நாமே சொல்லிக்கொள்வோம், முக்கால்வாசி அது சரியாகவும் இருக்கும். மீதிதான் எனக்குக் கவலை.

மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கிற உறையில் கிருமி புகுந்து அழற்சி உண்டானால் அது மெனிஞ்சைட்டிஸ். ஊரில் மூளைக்காய்ச்சல் என்போம்.

எச்ஐவி இல்லாத பெரியவருக்கு இது பாக்டீரியாவால், அதிலும் நிமோகாக்கஸால் வந்தால், நேற்று சாயங்காலம் இலை எடை போட்டுவிட்டு நடந்து வந்தவர் இன்று காலை காய்ச்சல் கொதிக்க, தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவர முடியாமல், பேச்சுக் குழறிக் கிடப்பார். மணிக்கணக்கில் முற்றும். இதிலும் எல்லா அறிகுறியும் சேர்ந்து வரும் என்று காத்திருக்கக் கூடாது. நெதர்லாந்தில் பெரியவர்களுக்கு வந்த 696 பாதிப்புகளைப் பார்த்து 2004இல் வெளியிட்ட ஆய்வில் காய்ச்சல், கழுத்து இறுக்கம், நினைவுத் தடுமாற்றம் மூன்றும் இருந்தது 44 சதவீதத்தில்தான். ஆனால் தலைவலியையும் சேர்த்த நான்கில் குறைந்தது இரண்டு 95 சதவீதத்தில் இருந்தது.

[காட்சி: கொழுந்து கிள்ளும் விரல்கள், ஒரு கொழுந்து இரண்டாகத் தெரிகிறது]

எச்ஐவி முற்றி, சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 100க்குக் கீழே இறங்கியவருக்குக் கதையே வேறு. அங்கே அடிக்கடி வருவது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, மண்ணிலும் புறா எச்சத்திலும் இருப்பது. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று தலைவலி மெல்ல ஏறும், காய்ச்சல் லேசாக இருக்கும், இல்லாமலும் போகும். கழுத்து இறுகுவதே உடம்பு கிருமியோடு சண்டை போடுவதால்தானே, சண்டை போட ஆளே குறைவு என்றால் கழுத்து எப்படி இறுகும்? ஆனால் பூஞ்சை மூளை நீர் வடியும் வழியை அடைத்துவிடுவதால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். வாந்தி, மங்கல், ஒன்று இரண்டாகத் தெரிவது எல்லாம் அதனால்தான்.

காசநோய்க் கிருமியும் இப்படி மெதுவாகத்தான் வரும், இரு தரப்புக்கும் வரும், எச்ஐவி இருந்தால் கூடுதலாக.

அப்புறம், இந்த நோயைக் கண்டுபிடிக்க முதுகில் தண்ணி எடுத்தால் கால் விழுந்துவிடும் என்று ஒரு பயம். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போடுவார்கள், கால் விழாது. பூஞ்சையில் அந்த ஊசியே பாதி வைத்தியம், அழுத்தம் இறங்கியதும் மண்டையைப் பிளந்த வலி குறையும்.

தயவுசெய்து டாக்டரிடம் எச்ஐவியை மறைக்காதீர்கள். பரிசோதனை செய்யாதவர்கள் அரசின் எச்ஐவி பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்துக்குப் போங்கள், இலவசம், ரகசியம் காப்பது 2017 எச்ஐவி சட்டப்படி கட்டாயம். சந்தேகம் இருந்தால் எச்ஐவி உதவி எண் 1097க்குக் கூப்பிடுங்கள். கிரிப்டோகாக்கஸ் என்று தெரிந்தால் எச்ஐவியை அடக்கும் ஏஆர்டி மாத்திரையைப் புதிதாக ஆரம்பிக்க 4 முதல் 6 வாரம் பொறுக்கச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

[காட்சி: சுவரில் தினசரிக் காலண்டர்]

தலைவலி தொடங்கிய நாளின் தாளைக் கிழித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது "எத்தனை நாளா?" என்றுதான்.