வான்கோழியும் நிலக்கடனும்

தலைவர் அவர்களுக்கும், வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

நோட்டீஸில் 'போர்க்களத்தில் ஒரு விவசாயி' என்று போட்டிருக்கிறார்கள். அவரைப் புகழுக்குக் கொண்டுபோனது ஒரே ஒரு காலைப்பொழுது. அதைச் சொல்லப் பத்து நிமிஷம் போதும். மீதி நேரத்தை அவருடைய நிலத்துக்கும் கடனுக்கும் வைத்துக்கொள்கிறேன். இங்கே முன்வரிசையில் இருப்பவர்களுக்கு அது இன்னும் நன்றாகப் புரியும்.

அவர் பெயர் ஆல்வின் யார்க். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பால்மால் என்ற மலைக்கிராமத்தில் 1887-இல் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் மூன்றாமவர். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கொல்லுப்பட்டறையும் இருந்தன. கறி வேண்டுமென்றால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டியதுதான். யார்க் பள்ளிக்கூடம் போனது எல்லாம் சேர்த்து ஒன்பது மாதம். 1911-இல் அப்பா போய்ச் சேர்ந்தார்; மூத்தவர்கள் இருவரும் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போயிருந்தார்கள்; குடும்பம் இவர் தலையில் விழுந்தது. பகலெல்லாம் உழைப்பு, வாரக்கடைசியில் குடியும் அடிதடியும். 1915 புத்தாண்டு அன்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சண்டையே கூடாது என்று சொல்லும் ஒரு சின்னச் சபையில் சேர்ந்துவிட்டார்.

அந்த ஊரில் ஒரு போட்டி நடக்கும். மரக்கட்டைக்குப் பின்னால் ஒரு வான்கோழியைக் கட்டிவைப்பார்கள். உடம்பு தெரியாது. எப்போதாவது தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். அந்த ஒரு நொடியில் தலையில் சுட வேண்டும். அடித்தவனுக்குக் கோழி. யார்க் அதில் பெரிய கை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம், 1917-இல் கட்டாய ராணுவச் சேவைக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். விலக்கு கேட்கிறாயா என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதில், 'ஆம். சண்டை போட விருப்பமில்லை.' விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. ஏன் தெரியுமா? அவர் சபைக்கு பைபிளைத் தவிர எழுதிவைத்த கொள்கை எதுவும் இல்லையாம்! பைபிள் மட்டும் போதாது, தனியாக ஒரு தீர்மானம் வேண்டும் போலிருக்கிறது. முகாமில் அவருடைய மேலதிகாரிகள் டான்ஃபோர்த்தும் பக்ஸ்டனும் அவரை உட்காரவைத்து, வசனத்துக்கு வசனம் பைபிளை எடுத்துப் பேசினார்கள். மிரட்டவில்லை. பத்து நாள் விடுப்புக் கொடுத்து அனுப்பினார்கள். ஊருக்கு வந்து, மலைமேல் ஏறித் தனியாக ஜெபம் செய்துவிட்டு, சரி போகலாம் என்று திரும்பினார்.

1918 அக்டோபர் 8. பிரான்சில் ஆர்கோன் காட்டுப் பகுதி. மேட்டில் ஜெர்மானிய எந்திரத் துப்பாக்கிகள் கீழே வருபவர்களை அறுவடை செய்துகொண்டிருந்தன. யார்க்கையும் சேர்த்து அமெரிக்க வீரர்கள் பதினேழு பேர் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். அங்கே காலைச் சாப்பாட்டில் இருந்த ஒரு ஜெர்மானியக் கூட்டம் கையைத் தூக்கிவிட்டது. அதற்குள் மேட்டிலிருந்த துப்பாக்கிகள் இந்தப் பக்கம் திரும்பின. ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள், மூன்று பேருக்குக் காயம். மிஞ்சிய எட்டுப் பேருக்குக் கார்ப்பரல் யார்க்தான் தலைமை.

மேலே இருந்தவர்களுக்கு ஒரு சிக்கல். தங்கள் ஆட்களே கைதிகளாகக் கீழே படுத்திருக்கிறார்கள். அவர்கள்மேல் படாமல் சுட வேண்டுமானால் தலையைத் தூக்கிப் பார்த்தாக வேண்டும். தூக்கினார்கள். மரக்கட்டைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் வான்கோழிதான். அப்புறம் ஒரு அதிகாரியும் ஐந்து பேரும் துப்பாக்கிமுனைக் கத்தியுடன் பாய்ந்து வந்தார்கள். யார்க் கைத்துப்பாக்கியை எடுத்துக் கடைசி ஆளை முதலில் சுட்டார், பிறகு அவனுக்கு முன்னவனை. முதல் ஆள் விழுவதைப் பார்த்தால் பின்னால் வருபவர்கள் தரையில் படுத்துச் சுடத் தொடங்குவார்கள் அல்லவா? கூட்டமாக வரும் காட்டு வான்கோழிகளையும் ஊரில் அப்படித்தான் பின்னாலிருந்து சுடுவார்கள், முன்னால் போவதற்குத் தெரியக்கூடாது என்று.

கடைசியில் வோல்மர் என்ற ஜெர்மன் அதிகாரி சரணடைந்தார். 132 கைதிகள். 'ஜெர்மன் ராணுவம் முழுவதையும் பிடித்துவிட்டாயாமே' என்று தளபதி கேட்க, 'இல்லை ஐயா, 132 பேர்தான்' என்றாராம். அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருது கிடைத்தது. கூட இருந்தவர்களில் சிலர், நாங்களும்தானே அங்கே இருந்தோம் என்று பின்னால் குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கென்னவோ அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த கதை. 1919 மே மாதம் நியூயார்க்கில் இறங்கியதும் ஊர்வலம், விருந்து. இவர் கேட்டதோ, சுரங்க ரயிலில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று. விளம்பரத்துக்கும் மேடைக்கும் பணத்தை நீட்டியவர்களிடம், இந்தச் சீருடை விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பி, ஜூன் 7-ஆம் தேதி கிரேசி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார்.

நாஷ்வில் நகரத்து ரோட்டரி சங்கத்தார் அவருக்கு 400 ஏக்கர் நிலம் வாங்கித் தருவதாக அறிவித்தார்கள். வசூல் பாதியில் நின்றது. போர் முடிந்து விளைபொருள் விலை சரிந்த நேரம். நிலத்துக்கான தவணை பரிசு வாங்கியவர் தலையிலேயே விழுந்தது. சாமான் செட்டு வாங்கவும் கடன். செய்தித்தாள்களில் விஷயம் வெளிவந்து, 1921-இல் நாடு முழுவதும் வசூல் செய்து நிலத்தை மீட்டார்கள். மாலை போடும்போது தோள் தாங்கும். தவணை கட்டும்போதுதான் தெரியும்.

தான் படிக்காத படிப்பு ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் தொடங்கினார். பிள்ளைகளை அழைத்துவரும் பேருந்துச் செலவுக்குத் தன் நிலத்தையே மறுபடியும் அடகு வைத்தார். இரண்டாம் உலகப்போரின்போது, ஒருகாலத்தில் விலக்குக் கேட்ட அதே மனிதர் தன் மாவட்டத்தின் ஆள்சேர்ப்புக் குழுவுக்குத் தலைவர்! அதற்குள் அவர் வாழ்க்கை சினிமாவாகி 1941-இல் சக்கைப்போடு போட்டிருந்தது. வந்த பணத்தை வேதப் பள்ளி கட்டக் கொடுத்தார். கொடுத்த பணத்துக்கு வருமான வரி எங்கே என்று 1951-இல் கேட்டார்கள். வட்டியும் சேர்ந்து 1,72,000 டாலர் வரை ஏறியது.

1954-இல் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். 1961-இல் ஒருவழியாக 25,000 டாலருக்கு வழக்கை முடித்தார்கள். அதைக் கட்டவும் அவரிடம் வழியில்லை. நாடாளுமன்ற கீழவைத் தலைவர் சாம் ரேபர்ன் வசூல் செய்துதான் கட்டினார். 1921-இலும் வசூல், 1961-இலும் வசூல்.

1964 செப்டம்பர் 2-இல் இறந்தார். சொந்த ஊரிலேயே ஆற்றங்கரை மயானத்தில் புதைத்தார்கள். அவர் வீடும், ஓரமாக இருந்த மாவு மில்லும் இப்போது மாநில அரசின் பூங்காவுக்குள் இருக்கின்றன. பார்க்கலாம்.

சரி, மைக்கைக் கீழே அனுப்புகிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள்.