அந்த 42 வயதுப் பெண் எங்கே?

(தாம்பரத்தில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, அம்மாமார்களே, வேலை முடிந்து தோளில் பையோடு நேரே இங்கே வந்திருக்கிற தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் புறநகர்ப் பெண்களின் வயதைப் பற்றிப் பேசப்போகிறேன். முதலில் கொஞ்சம் கணக்கு. கொட்டாவி வந்தால் தாராளமாக விடலாம். 2001க்கும் 2011க்கும் இடையில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 39 சதவீதம். 29 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது, 40 லட்சத்தைத் தொட்டது. திருவள்ளூரில் 35 சதவீதம். நம் தாம்பரம், சோழிங்கநல்லூர், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம்தான்.

இவ்வளவு பேரையும் நாம் பெற்றுப் போடவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண் ஒருவருக்குச் சராசரியாக 1.8 பிள்ளை. அப்படியானால் வெளியிலிருந்து வந்து குடியேறித்தான் இந்த ஊர்கள் வீங்கின. குடியேறுகிறவர்கள் எல்லா வயதிலும் சமமாக வருவதில்லை. நான் பேச வந்தது அதைத்தான்.

1984இல் சானடோரியம் பக்கம் ஏற்றுமதி வளாகம் வந்தது. நாமெல்லாம் மெப்ஸ் என்கிறோமே, அது. துணி தைக்கவும் எலெக்ட்ரானிக்ஸ் பொருத்தவும் இளம்பெண்கள் வந்தார்கள். அந்த முதல் வருஷங்களில் 20 வயதில் வேலைக்கு வந்தவருக்கு இன்று 60 ஆகிறது. கல்யாணம், பிள்ளை, இரண்டு சென்டில் ஒரு வீடு எல்லாம் இங்கேயே. இப்போது முழங்கால் வலியும் இங்கேயேதான். ஒரே வயதில் வந்தவர்கள் ஒரே நேரத்தில் மூப்படைகிறார்கள். பால்வாடி கேட்ட தெரு, இன்று சப்வேயில் இறங்கி ஏற முடியவில்லை என்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் இதற்கு நேர் எதிர். 2006இல் நோக்கியா ஆலை வந்தது, 2014 நவம்பரில் மூடியது. இப்போது சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான். வல்லம் வடகாலில் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். ஒரு பேரூராட்சி அளவுக்குப் பெண்கள், கிட்டத்தட்ட எல்லோரும் இருபதுகளில்! மணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலை வேலைக்கு எடுப்பதில்லை என்று அதே ஆண்டு ராய்ட்டர்ஸ் எழுதியது, நிறுவனம் மறுத்தது. அந்தச் சர்ச்சையை விடுங்கள். கல்யாணம் ஆனால் ஹாஸ்டல் கட்டிலில் இடம் இல்லை என்பது யாரும் மறுக்காத உண்மை. 23 வயதுக்காரி ஊருக்குத் திரும்புகிறாள், அதே கட்டிலுக்கு 19 வயதுக்காரி வருகிறாள். அங்கே ஆள் மாறுகிறது, வயது மாறுவதில்லை. தாம்பரத்தில் ஆள் அப்படியே இருக்கிறார், வயது ஏறிக்கொண்டே போகிறது. 30 கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு வேறு காலங்கள்.

இனி, யாரும் பேசாத ஒரு வருகையைச் சொல்கிறேன். பாட்டிகள்.

ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு அபார்ட்மெண்ட், அதில் ஒரு தம்பதி. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். முதல் பேறுகாலம் பிறந்த வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் திருநெல்வேலிக்கோ தஞ்சாவூருக்கோ போகிறாள். திரும்பி வரும்போது பிள்ளையோடு அம்மாவும் வருகிறார். 2017 சட்டத் திருத்தத்தால் பேறுகால விடுப்பு 26 வாரம் ஆயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது. சட்டம் சொல்கிறது, சரி. சிறுசேரி ஐ.டி. பூங்காவுக்கு ஒன்றரை மணி நேரம் கம்பெனி காரில் போகிறவள் ஆறு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டா போவாள்? ஆகவே 27ஆம் வாரத்துக் காப்பகம் அம்மாதான். அம்மாவுக்கு முடியாவிட்டால் மாமியார். சம்பந்தியம்மாக்கள் இரண்டு பேரும் ஆறு ஆறு மாதம் பங்கு பிரித்துக்கொண்ட வீடுகளும் எனக்குத் தெரியும். (சிரிப்பு)

இந்த அம்மாவுக்கு 55, 60 வயது. ரேஷன் கார்டு ஊரில், ஓட்டு ஊரில், வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில், ஊரில் அப்பா தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். இங்கே பதினோராவது மாடி. கீழே இறங்கினால் பேச ஆள் உண்டு, அவர்களும் இதே மாதிரி வந்தவர்கள். புறநகரில் 60 வயதுப் பெண்கள் கூடுகிறார்கள் என்றால், அதில் ஒரு பங்கு இங்கே மூப்படைந்தவர்கள் இல்லை, மூப்படைந்த பிறகு வேலைக்கு அழைத்துவரப்பட்டவர்கள். வேலை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொல்கிறேன்.

இப்போது கணக்கெடுப்புக்கு வாருங்கள். 2011இல் இருந்த விதி இது: பிப்ரவரி 9 முதல் 28 வரை ஒருவர் தன் வீட்டில் இல்லவே இல்லை என்றால், அந்த நாட்களில் எங்கே இருக்கிறாரோ அங்கே எண்ண வேண்டும். மகள் வீட்டுக்கும் மகன் வீட்டுக்கும் ஊருக்குமாக அலைகிற பாட்டி எந்த ஊர்க்காரி என்பதை அந்த ஒரு பிப்ரவரி முடிவு செய்கிறது! ஹாஸ்டல் பெண்கள் கணக்கில் சாதாரணக் குடும்பமே இல்லை, நிறுவனக் குடும்பம் என்று தனி வகை.

அதற்கு மேல் சராசரி என்று ஒன்று வருகிறது. ஒரு வார்டில் பெண்களில் பாதிப் பேருக்கு 22, மீதிப் பேருக்கு 62 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மிகைதான், பரவாயில்லை. சராசரி 42. அந்த 42 வயதுப் பெண்ணுக்காகத் திட்டம் போடுகிறோம். அவளுக்கு இரவு 11 மணி ஷிஃப்ட் முடிந்து வர பஸ் வேண்டாம், லிஃப்ட் ரிப்பேர் ஆனால் கவலை இல்லை. அவளைத் தேடிப் பாருங்கள், வார்டில் அப்படி ஒருத்தி இல்லை.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027க்கு வந்திருக்கிறது. தாம்பரம் மாநகராட்சி பிறந்தது 2021இல். தன் பெண்களின் வயதை வார்டு வாரியாக இந்த மாநகராட்சி முதல்முறையாகப் பார்க்கப்போவது அந்தக் கணக்கில்தான். ஐந்தைந்து வருஷப் பிரிவாக, பெண்களுக்குத் தனியாக, வார்டு வாரியாக வெளியிடுங்கள் என்று கவுன்சிலரிடம் எழுதிக் கொடுக்கலாம். மனுவின் நகல் வாசல் மேஜையில் இருக்கிறது.

கணக்கெடுப்பாளர் வரும்போது வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார். நான், அவர், பையன் என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். சமையலறையில் இருப்பவரும் அந்த மாதம் முழுக்க இங்கேதான் என்றால் அவரையும் சொல்லுங்கள். ஹாஸ்டல் தங்கைகளே, ஊரில் அப்பா பாசத்தில் உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். வேண்டாம் என்று முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், நீங்கள் எண்ணப்பட வேண்டியது இங்கே. ஏழரைக்கு அரங்கைக் கொடுத்துவிட வேண்டுமாம். கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள்.