நிலைப்படி மஞ்சள்

வணக்கம் நேயர்களே. அரூப ஓவியம் ஒன்றின் முன்னால் நம்மவர்கள் போய் நின்றால் முதலில் என்ன கேட்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "இதில் என்ன இருக்கிறது?" முகம் இல்லை, வீடு இல்லை, ஒரு மரம்கூட இல்லை, வெறும் நிறம். இரண்டு நொடி பார்த்துவிட்டு, இதெல்லாம் நமக்குப் புரியாது என்று நகர்ந்துவிடுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. உருவம் இல்லாத நிறத்தோடு பழகியே வளர்ந்தவர்கள் நாம்.

சிங்கப்பூர்க் கலைஞர் குமாரி நாகப்பன் என்ற பெயர் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவருடைய கைவேலையைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் இருக்கிறதே பெரிய சிவப்பு சாகா விதைச் சிற்பம், நம் மஞ்சாடி விதைதான், அது அவருடையது. தேசிய அரும்பொருளகத்துக்கு வெளியே இருக்கும் மிளகாயும் அவருடையதுதான். ஆர்ச்சர்ட் சாலையில் ஐயான் கட்டடத்துக்கு முன்னால் ஜாதிக்காய், ஜாதிபத்திரியோடு. ஜாதிக்காய்க்கு அங்கே என்ன வேலை என்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருந்தன.

சரி, சிற்பங்களை விடுங்கள். நான் பேச வந்தது அவருடைய ஓவியங்களைப் பற்றி. 1953இல் மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர், முதலில் உள்ளலங்கார வடிவமைப்பு படித்தார், ஓவியம் அப்புறம்தான். சிவப்பும் மஞ்சளும் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் ஓவியங்கள். இந்து சமயச் சடங்குகளின் நிறங்களும் சிறுவயது நினைவுகளும்தான் அவற்றுக்கு ஊற்று. ஆனால் சாமி படம் இருக்காது, குத்துவிளக்கு இருக்காது, மயில் இருக்காது. மரபு என்றாலே இவற்றை வரைந்துதான் ஆக வேண்டும் என்று நினைக்கிறோமே, அது எனக்கு ஒப்பவே ஒப்பாது.

உங்கள் வீட்டு நிலைப்படியையே ஒரு தடவை கிட்டப் போய்ப் பாருங்கள். அடுக்குமாடி வீடாக இருந்தாலும், வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். அடுத்த வாரம் துடைத்துவிட்டு மறுபடி பூசுவார்கள், ஆனால் பழையது முழுசாகப் போகாது. மரத்தின் ரேகைக்குள் பழைய மஞ்சள் பழுப்பாகத் தங்கியிருக்கும், அதன் மேல் புது மஞ்சள் பளிச்சென்று இருக்கும், பொட்டு வைத்த இடம் மட்டும் கருஞ்சிவப்பாகி விளிம்பில் கசிந்திருக்கும். அங்கே உருவம் எதுவும் கிடையாது. இதில் என்ன இருக்கிறது என்று அதைப் பார்த்து யாராவது கேட்டிருக்கிறோமா? பார்த்ததுமே அம்மா ஞாபகம் வருகிறது, பாட்டி ஞாபகம் வருகிறது. நவக்கிரகம் சுற்றும்போதும் அப்படித்தான், மஞ்சள் துணி கட்டியிருந்தால் குரு, சிவப்பு கட்டியிருந்தால் செவ்வாய். நிறத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்கிற கண் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

இந்த இடத்தில் இந்திய ஓவியர் ரஸாவின் கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. சையது ஹைதர் ரஸா, 1922இல் மத்தியப் பிரதேசத்தில் மண்டலா பக்கம் ஒரு காட்டு கிராமத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு வனத்துறையில் வேலை. பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் மனசு ஓரிடத்தில் நிற்காது. ஆசிரியர் பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. சுவரில் ஒரு புள்ளி வைத்து, இதையே பார்த்துக்கொண்டிரு என்று உட்கார வைத்துவிட்டார். அவ்வளவுதான். அந்தப் பையன் வளர்ந்து, 1950இல் பிரான்ஸ் போய், நிலக்காட்சிகளாக வரைந்து பேர் வாங்கி, பல வருஷம் கழித்து எதிலோ ஒரு குறை என்று தவித்தபோது, அந்தச் சுவரில் இருந்த புள்ளிதான் திரும்பி வந்தது. பிந்து. பெரிய கறுப்பு வட்டம், அதைச் சுற்றி நிறங்கள். கடைசிவரை அதை விடவில்லை. 2016இல் இறந்தபோது, அவர் விரும்பியபடியே மண்டலாவில் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அத்தனை வருஷம் பிரான்சில் இருந்தவர்! எத்தனை தடவை சொன்னாலும் இந்தக் கதை எனக்கு அலுக்காது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் முடியப்போகிறதாம். கோ பெங் குவானைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். 1937இல் இந்தோனேசியாவின் மேடானில் பிறந்த சிங்கப்பூர் ஓவியர், நியூயார்க்கில் படித்தவர், சீனத் தேயிலை சுற்றி வரும் தாளைக்கூட ஒட்டி அரூப ஓவியம் செய்தவர். ஜாதகக் கட்டங்களையும் எழுத்துகளையும் ஓவியத்துக்குள் கொண்டுவந்த சென்னை ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் பாக்கி. நகர மண்டபமும் பழைய உச்ச நீதிமன்றமும் சேர்ந்துதான் இப்போது தேசிய கலைக்கூடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பை முதலில் படிக்காதீர்கள், படத்தைப் பாருங்கள், பிள்ளைகளுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று கேளுங்கள். பணிக்கரை அடுத்த முறை அழைத்தால் பேசுகிறேன். வணக்கம்.