கை எட்டிய கோடு

[காட்சி: கடலூர், திருப்பாதிரிப்புலியூர். ஒரு வீட்டு மாடி. சுவரில் பென்சில் கோடுகள்.]

வணக்கம். இந்தக் கோடுகளைப் பார்த்தால் பிள்ளைகளின் உயரத்தை அளந்த மாதிரி இருக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட நாட்டிய டீச்சர் ஒருவர், சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்றி, கை எட்டிய இடத்தில் போட்டவை இவை. முதல் கோடு ஸ்விட்ச் போர்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

மார்பில் அறுவை, கைக்கு என்ன? நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பதுண்டு. அதனால் தோள் இறுகலாம். நிணநீர் வடியும் வழி குறைந்து கை வீங்கலாம். பரதத்தில் அடிப்படைக் கை நிலையோ, இரு கையையும் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கும் நாட்டியாரம்பம். முழங்கை தோள் மட்டத்தில் நிற்க வேண்டும்.

"கை தொங்குது, தூக்கு" என்று ஆயிரம் தடவை அதட்டியவருக்குத் தலை சீவக்கூடக் கை எழவில்லை. "பசங்களைத் திட்டினதெல்லாம் ஞாபகம் வந்துச்சு தம்பி" என்றார்.

கீமோவில் முடி கொட்டுவது எல்லோருக்கும் தெரியும். சில மருந்துகளால் உள்ளங்காலும் மரத்துப்போகும். பாதத்தைத் தரையில் தட்டித் தட்டடவு போடுகிறவருக்கு முடியைவிட அதுதான் பெரிய இழப்பு.

அந்த நாட்களில் டீச்சர் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தது பரதக் கலைஞர் ஆனந்தா சங்கர் ஜெயந்தின் பேச்சு. சென்னையின் கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியில் படித்தவர், ரயில்வே அதிகாரி, 2007இல் பத்மஸ்ரீ. அடுத்த வருடமே மார்பகப் புற்றுநோய். சிகிச்சைக்கு நடுவிலும் ஆடினார். 2009இல் மைசூரில், டெட் இந்தியா என்ற உரை நிகழ்ச்சி மேடையில் அதைச் சொல்லி, சிங்கத்தின் மேல் 18 கைகளோடு வரும் துர்க்கையாக ஆடியும் காட்டினார்.

"பதினெட்டெல்லாம் வேணாம். எனக்கு இந்த ஒண்ணு வந்தா போதும்" என்று டீச்சர் சிரித்தார்.

மன உறுதி இருந்தால் நோய் ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருமே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கட்டியைக் கவனிக்க டாக்டரும் மருந்தும் வேண்டும். தினமும் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நிற்கத்தான் மன உறுதி.

சரி, பயிற்சி செய்யலாமா? முன்பெல்லாம் அறுவை நடந்த பக்கத்துக் கையால் குடம்கூடத் தூக்காதே என்பார்கள். இப்போது, பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் நல்லதே என்கிறார்கள். புஜத்தில் போடும் இறுக்கமான வங்கி நகை மட்டும் அந்தக் கைக்கு வேண்டாம்.

[காட்சி: நவராத்திரி. கோயில் மண்டபம்.]

டீச்சர் ஆடியது, பரதக் கச்சேரியில் முதலில் வரும் அலாரிப்பு மட்டும். அதன் தொடக்கமே இரு கையையும் தலைக்கு மேல் கூப்புவதுதான். கூப்பினார். அப்புறம் நாட்டியாரம்பம். இடது முழங்கை ஒரு விரற்கடை கீழே.

முன்வரிசையில் ஒரு வாண்டு பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள்:

"மிஸ்ஸுக்குக் கை தொங்குதுடி."