மூன்று வினாடி பொறுத்துப் பாருங்கள்

மொழி சொல்லிக்கொடுக்கும் நண்பர்களே, வணக்கம். வகுப்பில் வரிசையாக ஆளுக்கொரு வாக்கியம் வாசிக்கச் சொல்கிறோம் இல்லையா, அப்போது ஐந்தாவதாக உட்கார்ந்திருக்கும் மாணவரைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் நான்கு பேர் வாசித்தது எதுவும் அவர் காதில் விழுந்திருக்காது. தலைகளை எண்ணி, தனக்கு எந்த வாக்கியம் வரப்போகிறது என்று பார்த்து, அதையே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். நடுவில் யாராவது இரண்டு வாக்கியத்தைச் சேர்த்து வாசித்துவிட்டால் போச்சு, கணக்கு தப்பிவிடும், முகம் வெளிறிவிடும். சரி, தன் முறை முடிந்த பிறகாவது கேட்பாரா என்றால் அதுவும் இல்லை, 'தப்பாகச் சொல்லிவிட்டோமோ' என்பதே மிச்ச நேரம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எவ்வளவு நேரம் மொழி படித்தார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதைச் சோம்பல் என்போம், கூச்ச சுபாவம் என்போம், 'ஆர்வமே இல்லை' என்று பெற்றோரிடமும் சொல்லிவிடுவோம். 1986-இல் மொழிக் கல்வி ஆய்வாளர் எலைன் ஹார்விட்ஸும் அவருடன் இன்னும் இருவரும் எழுதிய கட்டுரை, வேற்றுமொழி வகுப்புக்கென்றே ஒரு பதற்றம் இருக்கிறது என்றது. அதை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாத்தாளையும் தந்தது. பேசத் தயக்கம், தேர்வு பயம், மற்றவர்கள் நம்மை மட்டமாக நினைப்பார்களோ என்ற அச்சம், இந்த மூன்றும் அதோடு சேர்ந்தவைதான், ஆனால் மூன்றையும் கூட்டினால் மட்டும் அது வந்துவிடாது என்றார்கள்.

ஏன் மொழிக்கு மட்டும் தனியாக ஒன்று? கணக்கில் தப்பு செய்தால் கணக்கு வராது என்று சொல்லிவிட்டுப் போகலாம். இங்கே அப்படி இல்லை. தன் மொழியில் நாலு பேரை மடக்கிப் பேசுகிற ஆள், வேற்றுமொழி வகுப்பில் "நேற்று... நான்... போனேன்" என்று மூன்று வயதுக் குழந்தை மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது. அறிவு அப்படியேதான் இருக்கிறது, வெளியே காட்டத்தான் வழியில்லை. பெரியவர்களுக்கு இது இன்னும் உறைக்கும் என்பது என் அனுபவம்.

பேசும்போது மட்டும்தான் பதற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். மெக்கின்டயர், கார்ட்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-களில் எழுதியபடி, காதில் வாங்கும்போதும் மனதில் போட்டு யோசிக்கும்போதும்கூட அது குறுக்கே வருகிறது. அதனால்தான் ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த சொல் எழுந்து நின்றதும் காணாமல் போகிறது. இதற்கு மறுப்பும் உண்டு. மொழி சரியாக வராததால்தான் பதற்றம் வருகிறது, நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்கள் என்று ஸ்பார்க்ஸ், கேன்ஷா என்ற வேறு இரு ஆய்வாளர்கள் வாதாடினார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். எது முதலில் என்ற சண்டையை ஆய்வாளர்கள் போடட்டும், திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் போகிறவருக்கு அது முக்கியமில்லை.

அந்த ஆசிரியருக்கு முக்கியம், கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பார்த்த விஷயம். அறிவியல் வகுப்புகளைக் கவனித்த அவர், கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் பதிலுக்காக ஒரு வினாடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடியாக்கியதும் பதில்கள் நீளமாயின, வாய் திறக்காதவர்களும் பேச ஆரம்பித்தார்கள். தாய்மொழியிலேயே நடந்த வகுப்பு என்றாலும் இப்படித்தான் என்றால், கேள்வியைப் புரிந்து, சொல்லைத் தேடி, இலக்கணத்தில் பொருத்திச் சொல்ல வேண்டியவருக்கு ஒரு வினாடி எந்த மூலைக்கு? மூன்று வினாடி மௌனம் ஆசிரியருக்குத்தான் பெரிய அவஸ்தை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

"அப்படியென்றால் பெயர் சொல்லிக் கூப்பிடவே கூடாதா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் முதலில் இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிடுங்கள், அப்புறம் கூப்பிடுங்கள். ஒரு தடவை சொல்லிப் பார்த்ததைத்தான் அவர் எல்லோர் முன்னாலும் சொல்வார். தப்பு வந்தாலும் வாக்கியம் முடியட்டும், பாதியில் வெட்டினால் திருத்தமும் ஏறாது, சொல்ல வந்ததும் போய்விடும். வரிசைப்படி வாசிக்கச் சொல்லும் பழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.